சூடம் கொளுத்தினவர்

ஆழ்குழாய்க் கிணற்றின் வாயில் காதை வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? தண்ணீர்ச் சத்தமெல்லாம் கேட்காது. நம்முடைய மூச்சுதான் கீழே போய், இருட்டில் எதன்மேலோ மோதி, கொஞ்சம் வயசாகித் திரும்பி வரும். பாண்டிமீனா ஒருதரம் கேட்டிருக்கிறாள். கல்யாணமான புதுசு. அவள் புருஷன் அழகுராசாவுக்குக் கிணற்று மோட்டார் தூக்குகிற தொழில். வேலை நடந்த தோட்டத்துக்கு அவள் சோறு கொண்டுபோயிருந்தாள். "கேட்டுப்பாரு புள்ள" என்று அவன்தான் அவள் தலையைப் பிடித்துக் குனிய வைத்தான். இரும்புக்குழாய் சில்லென்று காதைக் கடித்தது. "என்ன சொல்லுது?" என்று கேட்டான். "ஆறிப்போறதுக்குள்ள சோத்தத் திங்கச் சொல்லுது" என்றாள் இவள். கயிறு பிடித்திருந்த ஆட்களெல்லாம் சிரித்ததில் கயிறு ஒரு முழம் நழுவிவிட்டது, அவன் வைது தீர்த்தான். அந்தச் சில்லிப்பு இப்போது காதுக்குள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கே, எப்போது என்று இல்லாமல், தாலுகா ஆபீஸ் வளாகத்து வேப்பமரத்தடியில், பங்குனி வெயிலில், மடியில் பாப்பா பிஸ்கட்டைக் கூழாக்கிச் சேலையில் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. எதிரே மஞ்சள் சுவர். சுவரில் ஒரு இரும்புக் கதவு, அதற்குமேல் 'கிளைச் சிறை' என்று பலகை. ஊரில் எல்லாரும் சப் ஜெயில் என்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அழகுராசா இருக்கிறான். இந்தப் பக்கம் இவள் அவனைப் பார்க்க மனுப் போட்டுவிட்டு, கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறாள். வேப்பம்பூ உதிர்ந்து பாப்பாவின் தலையில் விழுகிறது. ஒன்று எடுத்தால் இரண்டு விழுகிறது. எடுப்பதை விட்டுவிட்டாள். இருக்கட்டும், அழகாய்த்தான் இருக்கிறது, அவங்கப்பன் பார்க்கட்டும்.

வாய்க்குள் ஒரு வார்த்தையை வைத்திருந்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே புளியங்கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்ட மாதிரி ஒதுக்கிக்கொண்டு வந்த வார்த்தை. 'ஒத்துக்கங்க மாமா, வந்துருங்க.' பஸ்ஸில் சொல்லிப் பார்த்தாள், சரியாக வந்தது. கதவைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள், 'ஒத்து' என்கிற இடத்தில் கொட்டை பல்லில் மாட்டிக்கொண்டது. நாளைக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவார்கள். இலவச வக்கீல், சின்ன வயசுக்காரர், நல்லவர் மாதிரிதான் இருக்கிறார், போனவாரம் இதே மரத்தடியில் நின்று அவசரமாகச் சொன்னார்: "திருடினேன்னு ஒத்துக்கிட்டா, உள்ள இருந்த நாளையே தண்டனையாக் கழிச்சு விட்டுருவாங்கம்மா, சாயங்காலமே வீடு. இல்ல, நான் எடுக்கலன்னு நின்னா வழக்கு நடக்கணும். எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது. ஜாமீனுக்கு ஆள் நிக்கவும் யாரும் வரல பாருங்க." யார் வருவார்கள்? மோட்டார் திருடன் என்று பெயர் விழுந்தவனுக்கு. அவனும் அன்றைக்குக் கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து, "நீ சொல்லு மீனா, நீ சொன்னபடி செய்றேன்" என்றான். குரலே இல்லை. அழகுராசாவுக்குக் குரல் இல்லாமல் அவள் பார்த்ததேயில்லை. மூன்று தோட்டம் தள்ளிக் கேட்கிற குரல். உள்ளே, பத்துப்பேர் படுக்கிற அறையில் முப்பதுபேராம். ஒருத்தன் ஒருக்களித்தால் எல்லாரும் ஒருக்களிக்க வேண்டும் என்றான். அதை நினைத்து அன்றைக்கு ராத்திரி பாப்பா பக்கத்தில் இவளும் ஒருக்களித்தே படுத்திருந்தாள், இடமிருந்தும். குற்றம் செய்தான் என்று கோர்ட்டில் இன்னும் யாரும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. மோட்டாரைப் பாதி தூக்கியபின் பொழுது சாய்ந்துவிட்டால், குழாயில் கிளாம்ப் போட்டுப் பூட்டி, கிணற்றுக்குள்ளேயே தொங்கவிட்டுப் போவான் அவன். மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் அது இருட்டில் தொங்கும். "பாவம்ல, அதுக்குப் பயமா இருக்காது?" என்று ஒருநாள் கேட்டாள். "மோட்டாருக்கு என்னடி பயம்" என்றான்.

சூடத்தினால் வந்த வினை இது. எப்படிச் சுற்றிப்போனாலும் மனசு அங்கேதான் வந்து முட்டுகிறது. அவன் தொழிலில் ஒரு முறை வைத்திருந்தான், அவன் அப்பாவிடமிருந்து வந்தது. கிணற்றில் கை வைக்குமுன் கிணற்றுக்காரர் தன் கையால் சூடம் கொளுத்த வேண்டும். ஆள் வைத்துக் கொளுத்தக்கூடாது, அவருக்காக இவனும் கொளுத்தமாட்டான். பட்டா எங்கே, பங்கு யாருக்கு என்றெல்லாம் கேட்கத் தெரியாது அவனுக்கு. யார் சூடம் கொளுத்துகிறாரோ அவர் கிணறு. "அடுத்தவன் கெணத்துக்கு எவனாச்சும் சூடம் கொளுத்துவானா? கை நடுங்கிராது?" என்பான். தங்கவேலுவுக்குக் கை நடுங்கவில்லை. அண்ணன் தங்கவேலு, தம்பி சண்முகவேலு, ரெண்டுபேருக்கும் பாகம் பிரித்ததில் கிணறும் மோட்டாரும் தம்பிக்குப் போயிருந்தது, அது அழகுராசாவுக்குத் தெரியாது. தம்பி வெளியூர் போன நாளாகப் பார்த்து அண்ணன் கூப்பிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, சூடத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றிக் கும்பிட்டார். மோட்டார் மேலே வந்ததும், "உன் வீட்டுக்கே கொண்டுபோயி ரிப்பேர் பாரப்பா, அப்பறம் சொல்றேன்" என்றார். வீட்டு வாசலில், பாப்பா குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சாக்குப்போட்டு மூடி வைத்திருந்தான். தம்பி புகார் கொடுத்தார், போலீஸ் வந்தது, சாக்கைத் தூக்கினார்கள். "அவர்தான்யா சூடம் கொளுத்துனாரு" என்று இவன் கத்தினான். ஒரு போலீஸ்காரர் சிரித்துவிட்டார். பாவம் அவருக்கு என்ன தெரியும். தங்கவேலு, "எனக்கு ஒன்னும் தெரியாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மீனா அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் சம்சாரம் வந்து, முகத்தைப் பார்க்காமல், ஒரு சொம்புத் தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போனது. குடித்தாள், தாகம். வரும் வழியில் அந்தத் தோட்டத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கிணற்று வாயைச் சுற்றின சிமெண்டில் சூடம் எரிந்த கறுப்பு வட்டம் அப்படியே இருந்தது, பாப்பாவுக்குக் கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப்பொட்டு மாதிரி. அன்றையிலிருந்து மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறாள். வானம் பார்த்த காட்டில் பிறந்து வளர்ந்தவள், மழை வேண்டாம் என்கிறாள். சாமிக்கே குழம்பியிருக்கும்.

"இந்தா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. உள்ள போயி அதையே காட்டுனா அவன் மூஞ்சியும் தொங்கிப்போகும்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஸ்மேரி அக்கா. அவள் வீட்டுக்காரர் வருஷத்தில் பாதி இங்கேதான். முறுக்குப் பொட்டலத்தோடு வருவாள், யாருக்கு எந்த நாளில் மனு, எந்த வார்டர் நல்ல மனுஷன், எந்த ஜன்னலில் வெயில் அடிக்காது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "என்ன யோசன? ஒத்துக்கிட்டு வரச் சொல்லிட்டுப் போவியா. எங்காளு ஒத்துக்கிட்டதெல்லாம் எண்ணிப் பார்த்தா இந்தத் தாலுகாவுல பாதித் திருட்ட அவருதான் பண்ணிருக்கணும். அவருக்கு ராத்திரியில கண்ணே தெரியாது, அது வேற விஷயம்." மீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் நிற்காது அவளுக்கு, பாப்பாவும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தது. "செய்யாததையுமா அக்கா ஒத்துக்குவாரு?" "மொதத் தடவ செய்யாததுதான். சைக்கிள். வீட்டுக்கு வந்துட்டாரு, கறி எடுத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் எவன் சைக்கிள் காணாமப் போனாலும் எங்க வாசல்லதான் ஜீப்பு. நீதான மொதல்ல ஒத்துக்கிட்டவன்னுவாங்க. வேலைக்கு ஒருத்தனும் கூப்பிடல. சும்மாருக்கிற மனுஷன் என்ன செய்வாரு, குடிச்சாரு. குடிச்சாச் சண்ட. இப்ப நெசமாவே சிலது செய்றாரு." முறுக்கை ஒடித்துப் பாப்பாவின் கையில் கொடுத்தாள். "அதுக்காக உன்னைய ஒன்னும் சொல்லல. புள்ளக்காரி. உனக்கு ஆம்பள வீட்டுக்கு வரணும்." முறுக்கைக் கடிக்கிற சத்தம் மீனாவின் தலைக்குள் கேட்டது, கறுக், கறுக். கொட்டை இன்னும் பல்லில். ஒத்துக்கங்க மாமா. எந்தத் தோட்டத்தில் மோட்டார் போனாலும் ஜீப்பு. யார் கூப்பிடுவார்கள் அவனை, யார் தன் கிணற்றுக்குச் சூடம் கொளுத்தி அவன் கையில் கயிற்றைக் கொடுப்பார்கள்.

வெயில் ஏறியது. நிழல் நகர நகர இவர்களும் மரத்தைச் சுற்றி நகர்ந்தார்கள். அதே வளாகத்தில்தான் பத்திரப்பதிவு ஆபீசும். ஒரு கல்யாண ஜோடி பதிவு பண்ணிவிட்டு மாலையும் கழுத்துமாக வந்து, நிழலுக்காக ஜெயில் சுவரை ஒட்டி நின்று போட்டோ எடுத்தது. பொண்ணு சிரிக்கச் சிரிக்க, போட்டோக்காரர் பின்னால் வா, பின்னால் வா என்று, மாப்பிள்ளையின் முதுகு இரும்புக் கதவில் போய் முட்டியது. டங். உள்ளிருந்து யாரோ, "யாரப்பா அது, உள்ள எடமில்ல!" என்று குரல் கொடுத்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையைத் தவிர. மீனாவும் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். மூடினால் மஞ்சள், சுவரின் மஞ்சளா, தாலிக்கயிற்று மஞ்சளா, கண்ணுக்குள் வெயில் பூசின மஞ்சளா, அதில் மெதுவாக இறங்கினாள். குழாய்க்குள் இறங்குகிறாள், தோள் இடிக்கவேயில்லை, பாப்பாவைப் பெறுமுன் இருந்த உடம்பு. கீழே போகப் போகக் குளிர்ச்சி. சுண்ணாம்புக்கல் வாசனை, அப்புறம் செம்மண், அப்புறம் ஒன்றுமில்லாத வாசனை. பக்கச்சுவரில் வரிசையாக ஆட்கள் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்கள், இவள் தாண்டும்போது மரியாதையாய்க் காலை மடக்கிக்கொள்கிறார்கள். இன்னும் கீழே, இன்னும் கீழே, அடியில் அழகுராசா உட்கார்ந்து சோறு தின்கிறான். 'ஆறிப்போச்சு' என்கிறான். 'வாங்க மாமா மேல' என்கிறாள். 'யாரு கொளுத்துனா?' 'என்னது?' 'யாரு சூடம் கொளுத்தி என்னைத் தூக்கச் சொன்னா? சொல்லு. யாருமே கொளுத்தாம நான் எப்படி வர?' இவள் மடியைத் தடவுகிறாள், தீப்பெட்டி இருக்கிறது, சூடம் இல்லை, பிஸ்கட் கூழ்தான் இருக்கிறது, அதைப் பற்றவைக்கப் பார்க்கிறாள், அது நமுத்துப்போய்...

"அப்பா" என்றது பாப்பா. மீனா கண்ணைத் திறந்தாள். பாப்பா அப்படித்தான், ரெண்டு மாசமாக எந்த டிவிஎஸ் சத்தம் கேட்டாலும் அப்பா, மீசை வைத்த சுவரொட்டியும் அப்பா, பால்காரரும் அப்பா. பால்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு கால் லிட்டருக்குமேல் ஒரு கை ஊற்றுவார். "ஆமாண்டி, எல்லாம் ஒங்கப்பன்தான்" என்று வாயைத் துடைத்துவிட்டாள். "ஏங்க்கா, இன்னைக்கு ஏன் இன்னும் கூப்பிடல?" "தண்ணி வரலயாம் உள்ள. மோட்டாரு கெட்டு மூணு நாளாச்சாம். லாரித் தண்ணியத்தான் மொண்டு மொண்டு குடுக்குறாங்க. அத்தன ஆம்பளைக்கும் கக்கூசுக்குத் தண்ணி வேணும்ல. மேல எழுதிப்போட்டு ஆள் வர்றதுக்குள்ள நாறிப்போகும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே சின்னக்கதவு திறந்தது. பெரிய வயிற்று வார்டர் வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, இவளைக் கண்டும் காணாமல் நேரே பெட்டிக்கடைக்குப் போனார். பீடி வாங்கப் போகிறார் என்று நினைத்தாள். கடைக்காரரிடம் தயங்கித் தயங்கி, வேறு யாருக்கும் கேட்கக்கூடாது என்பது மாதிரி, "ஒரு சூடம் பாக்கெட் குடு" என்றார். "ஒரு எலுமிச்சம்பழமும்." "என்னங்க வார்டரு, உள்ள கோயில் கட்டிட்டீங்களா?" "அட நீ வேற. உள்ள ஒருத்தன் இருக்கான். மோட்டாரத் தூக்கித் தாப்பான்னா, கெணத்துக்காரர் வந்து சூடம் கொளுத்தட்டும்ங்கிறான். கெணத்துக்காரருக்கு நான் எங்க போக, இது கவர்மெண்டு கெணறுன்னேன். அதெல்லாம் எனக்குத் தெரியாது, யாராச்சும் ஒருத்தர் எங்கெணறுதான்னு நிக்கணும், இல்லாட்டி நான் தொடமாட்டேன்னு உக்காந்துட்டான். சூப்பிரண்டு ஐயாவுக்கே சிரிப்பு வந்துருச்சு." அவர் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்தியது. மீனாவின் உடம்பெல்லாம் சில்லென்றது, காதுக்குள் இருந்த அந்தச் சில்லிப்பு அப்படியே கழுத்து வழியாக இறங்கி உள்ளங்காலுக்குப் போனது. கிறுக்கு மனுஷா, என்று நினைத்தாள். அதனாலதான் உள்ள கெடக்குற, அங்க போயும் அதையே கேக்குறியா. ஒரு பாடம் பத்தாதா. மோட்டார் திருடன்னு பிடிச்சுப்போட்ட எடத்துல மோட்டாரத் தூக்கக் கூப்பிட்டா, சரிங்கய்யான்னு தூக்கிக் குடுத்து நல்ல பேரு வாங்காம. வைதுகொண்டே இருந்தாள். வையும்போது கண்ணில் நீர் வழிவது தெரியவில்லை, ரோஸ்மேரி அக்கா முந்தானையைக் கொடுத்தபிறகுதான் தெரிந்தது.

பிறகு கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. காக்கை ஒன்று சுவர்மேல் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது, காக்கைக்கு மனுப் போட வேண்டியதில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, முதலில் இருமல் மாதிரி, துரு ஏறின மாதிரி, அப்புறம் துரு உதிர உதிர, அந்தக் குரல் எழுந்தது. "வா தாயி... வா... மெல்ல வா... வெளிச்சத்துக்கு வா..." கூடவே முப்பது ஆம்பளைகள் "ஏய்" என்று இழுக்கிற சத்தம். "பிடி. பூட்டு. விட்றாத, பூட்டு." மறுபடி, "வா தாயி..." மோட்டாரை மேலே கூப்பிடுகிற பாட்டு. பாப்பாவைத் தூங்கவைக்கவும் அதே பாட்டுத்தான் பாடுவான், வேறு பாட்டுத் தெரியாது அவனுக்கு. தூளியை ஆட்டிக்கொண்டே, வா தாயி வா, வெளிச்சத்துக்கு வா. "தூங்குற புள்ளைய எதுக்கு வெளிச்சத்துக்குக் கூப்பிடுறீங்க" என்று இவள் சிரிப்பாள். பாப்பா மடியிலிருந்து நழுவி இறங்கியது. முறுக்கு கீழே விழுந்தது. தள்ளாடித் தள்ளாடிப் போய், மஞ்சள் சுவரில் ரெண்டு கையையும் வைத்து, கன்னத்தையும் வைத்து, "அப்பா" என்றது. இந்தத் தடவை தப்பாகச் சொல்லவில்லை. மீனா பின்னாலேயே போய் அவளும் சுவரில் காதை வைத்தாள். சுண்ணாம்பு சுட்டது. உள்ளே ஒவ்வொரு குழாயாக மேலே வந்துகொண்டிருந்தது, தரையில் படுக்கவைக்கும்போது டங், டங், ஒவ்வொரு டங்குக்கும் அவன் குரல் இன்னும் கொஞ்சம் பழையபடி ஆனது. போனவாரம் செத்துப்போயிருந்த குரல். யாரோ ஒரு ஆள், எங்கெணறுதான்னு சொல்லிச் செருப்பைக் கழற்றி நின்றிருக்க வேண்டும், அதுக்கே குரல் திரும்பிவிட்டது. நான் திருடினேன்னு நாளைக்கு இந்தக் குரல் சொன்னால், சொன்ன பிறகு இது எந்தக் கிணற்றடியில் போய் நின்று வா தாயி என்று கூப்பிடும்? கூப்பிட்டால் எது மேலே வரும்? சாயங்காலமே வீடு. பாப்பாவுக்குப் பாலும் சோறும் ஊட்ட ஒரு ஆள். தூளியை ஆட்ட ஒரு கை. எல்லாம் வந்துவிடும், குரல் மட்டும் வராது. அப்படியானால் யார் வருவது வீட்டுக்கு? தென்னங்கயிறு திரிக்கிற கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே போகலாம் என்றார்கள். போகலாம்தான். பயமாகத்தான் இருக்கிறது. கிளாம்ப் போட்டால் மோட்டார் விழாது, அவன் சொல்லியிருக்கிறான். இருட்டுக்குள் தொங்கும், விழாது. பல்லில் மாட்டியிருந்த கொட்டை எப்போது கழன்றது, துப்பினாளா, விழுங்கினாளா, தெரியவில்லை.

"அழகுராசா வீட்டம்மா யாரு? வாம்மா. சுருக்காப் பேசணும், உன் வீட்டுக்காரர் வேலைய பாதியில விட்டுட்டு வந்திருக்காரு" என்றார் வார்டர். அவர் சட்டைப்பையிலிருந்து சூடம் மணத்தது. உள்ளே இருட்டு, அப்புறம் கண் பழகப் பழகக் கம்பி வலை. வலைக்குப் பின்னால் இன்னொரு வலை, நடுவில் ஒரு கை நீளத்துக்கு யாருக்கும் சொந்தமில்லாத இடம். ரெண்டு வலைக்கும் பின்னால் அவன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, முழங்கை வரைக்கும் சேறு. "சாப்பிட்டியா?" என்றான். எப்போதும் முதல் கேள்வி அதுதான். "யாரு கொளுத்துனா?" என்றாள் இவள். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து இருட்டில் பல் தெரிந்தது. "பெரிய ஐயாதான், சூப்பிரண்டு. எனக்கென்னய்யா பாத்தியத இதுலன்னாரு. இங்க இருக்கவங்களுக்கு நீங்கதான பொறுப்பு, அப்ப இவங்க குடிக்கிற தண்ணிக்கும் நீங்கதானன்னேன். யோசிச்சாரு. அப்பறம் செருப்பக் கழட்டிட்டு வந்து அவரே கொளுத்துனாரு மீனா." பாப்பா வலைக்குள் விரலை விட்டு, "வா தாயி" என்றது, மழலையில், வார்த்தை பாதிதான் வந்தது. அவன் சிரிப்பு மெல்ல இறங்கிப்போய், போனவாரத்து முகம் எட்டிப் பார்த்தது. "நாளைக்கு என்ன சொல்ல? நீ சொன்னபடி செய்றேன்னேன்ல." "ஒத்துக்காதீங்க." "நாளாகும் புள்ள." "ஆகட்டும்." "பாப்பா என்னைய மறந்துரும்." "சுவத்துல காத வச்சு அப்பாங்கிறா. மறக்குற புள்ளையா அது?" அவன் வலையைப் பிடித்தான், சேறு ஒட்டிக்கொண்டது. "நீ எப்படிப் புள்ள தனியா..." "அத நான் பாத்துக்கிறேன்" என்றாள். "அந்தக் கெணத்தடியில சூடம் எரிஞ்ச கறுப்பு இன்னும் இருக்கு மாமா, நான் பாத்துட்டு வந்துட்டேன், மழையும் பெய்யல." வார்டர் சாவிக்கொத்தை ஆட்டினார். உள்ளேயிருந்து யாரோ, "ஏப்பா அழகு, கயித்துல கை எரியுது, வாப்பா!" என்று கத்தினார்கள். அவன் ஒரு காலைத் திருப்பினான். மீனா பாப்பாவின் விரலோடு தன் விரலையும் வலைக்குள் கோர்த்து, அவனுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக, வெயிலில் உட்கார்ந்திருக்கும் ரோஸ்மேரி அக்காவுக்கும் கேட்டிருக்கும், சொன்னாள்: "நாளைக்கு ஜட்ஜய்யா கேக்கும்போது தலையத் தொங்கப்போடாதீங்க மாமா. இப்ப கூப்பிட்ட இந்தக் கொரல்லயே ஒன்னு மட்டும் கேளுங்க. சூடம் கொளுத்தினவரைக் கூப்பிட்டு என் எதிரே நிறுத்துங்கன்னு கேளுங்க."